லினக்ஸ் கணிப்பொறியும் மாறிய முகவரியும்

மனிதருக்குப் பெயர் பெற்றோர் இடுவது. முகவரியோ குடியிருக்கும் இடம் தருவது. வீடு மாறினால் பெயர் மாறுவதில்லை, முகவரி மாறிவிடுகிறது. கணிப்பொறிக்கும் இவ்விரண்டும் உண்டு. அதன் வலை அட்டையில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டு வரும் எண் ஒன்று. அதைப் பெயர் என்று கொள்ளலாம். அது இணைந்திருக்கும் இடத்தைப் பொறுத்து அதற்குக் கிடைக்கும் ஐ.பி. எண் மற்றொன்று, அதுவே முகவரி. இணைய இணைப்பு தரும் நிறுவனத்தை மாற்றும்போது பல வீடுகளிலும் பள்ளிகளிலும் இந்த இரண்டாவது எண்ணும், அதைச் சார்ந்த வேறு சில எண்களும் மாறிவிடுகின்றன. அச்செய்தியைக் கணிப்பொறிக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை இங்கே காண்போம்.

நம் பள்ளியின் கணிப்பொறி ஆய்வகத்தை அறியாத தோழியர் இலர். அங்குள்ள இருபது பொறிகளும் பழையவை. பெற்றோர் சிலரும் முன்னாள் மாணவியரும் தந்துதவியவை. அவற்றில் ஓடுவது லினக்ஸ். 1991-ஆம் ஆண்டில் ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் தொடங்கிவைத்து, பின்னர் உலகெங்குமுள்ள பல்லாயிரவர் கை சேர்த்து வளர்த்த இயக்க முறைமை அது. அதன் பல வகைகளுள் 'லினக்ஸ் மின்ட்' என்பது நம் ஆய்வகத்தில் உள்ளது. விலை கொடுக்க வேண்டியதில்லை. பழைய பொறியிலும் தளராமல் ஓடும்.

2025-ஆம் ஆண்டு நவம்பரில் நம் பள்ளி செப்புக் கம்பி இணைப்பை விட்டு ஒளியிழை இணைப்புக்கு மாறியது. புதிய நிறுவனத்தின் பணியாளர் வந்து, சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினார். பழைய ரவுட்டரைக் கழற்றி எடுத்துவைத்தார். தம் கைப்பேசியில் ஒரு படத்தை ஓடவிட்டுக் காட்டிக் கையொப்பம் வாங்கிச் சென்றார். அலுவலகத்தில் கைப்பேசிகளுக்கெல்லாம் இணையம் விரைந்து வந்தது. ஆய்வகத்தின் இருபது பொறிகளில் ஒன்றுக்கும் வரவில்லை. மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது, "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. உங்கள் பொறிகளில் லினக்ஸ் இருக்கிறது, அதுதான் கோளாறு. அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள்" என்று விடை வந்தது.

இவ்விடை எளிதாகச் சொல்லப்பட்டுவிட்டது. அதன் விளைவு எளிதன்று. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்த இலவச மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 நம் பொறிகளின் வயதை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே அழிப்பது என்றால் இருபது பொறிகளையும் ஒதுக்குவது என்றே பொருள். புதிய பொறிகளுக்கான விலைப்பட்டியல் ஒன்றும் அலுவலக மேசைக்கு வந்துவிட்டது. அவற்றின் வட்டுகளிலோ மேல்நிலை வகுப்பு மாணவியரின் செய்முறைப் பாட வேலைகள் இருந்தன. நம் ஆண்டு மலர்களின் பொருளடக்கம் முழுவதையும் பழைய பிரதிகளைப் பார்த்து, தமிழில் தட்டெழுதிச் சேர்த்த தொகுப்பும் இருந்தது. ஆசிரியையின் அனுமதி பெற்று, மேல்நிலை வகுப்புக் கணிப்பொறிப் பிரிவைச் சேர்ந்த நாங்கள் இதனை ஆராயப் புகுந்தோம்.

முதலில் எங்கள் கருத்தைக் கவர்ந்தது ஒரு சிறு செய்தி. இணையம் வரவில்லையே தவிர, ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்குக் கோப்புகள் போயின. அச்சுப்பொறியும் ஒழுங்காக அச்சிட்டது. கம்பி அறுந்திருந்தாலோ, வலை அட்டை பழுதுபட்டிருந்தாலோ, லினக்ஸுக்கே வலை வேலை தெரியாமற் போயிருந்தாலோ இவை நடந்திரா. இருபது பொறிகளும் தங்களுக்குள் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தன. வெளியே போகும் வாசலைத்தான் காணவில்லை.

இதனை விளங்கிக்கொள்ள ஒரு கணிப்பொறிக்குத் தேவையான நான்கு எண்களை அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது அதன் சொந்த முகவரி. 192.168.1.11 என்பது போல, புள்ளியிட்டுப் பிரித்த நான்கு பகுதிகளாக இது இருக்கும். ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை வரலாம். இவ்வகையில் அமையக்கூடிய முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. உலகத்துக்கு இது போதாமற் போய், மையக் களஞ்சியத்தில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டன. ஆயினும் நம் வீடுகளில் பொறிகள் இயங்குவது எப்படி? 192.168 என்று தொடங்கும் எண்களையும் வேறு சில தொகுதிகளையும் வீட்டுக்குள் மட்டும் வழங்கும் எண்களாக ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். 'முதல் வகுப்பறை' என்று எல்லாப் பள்ளியிலும் ஓர் அறை இருப்பது போல, 192.168.1.11 என்பது இலட்சக்கணக்கான இல்லங்களில் இருக்கும். குழப்பம் இல்லை, ஏனெனில் அது வாசலைத் தாண்டி வெளியே வழங்குவதில்லை.

இரண்டாவது, முகவரியில் எவ்வளவு பகுதி தெருவைக் குறிக்கிறது, எவ்வளவு பகுதி வீட்டைக் குறிக்கிறது என்று சொல்லும் எண். 'நெட்மாஸ்க்' என்பர். நம் நாட்டில் 1972 ஆகஸ்டு 15-இல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டை எண்ணிப் பாருங்கள். ஆறு இலக்கங்களுள் முதல் மூன்றும் கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டுகின்றன. கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டுகின்றன. முதல் மூன்றும் ஒத்திருந்தால் கடிதம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நெட்மாஸ்க் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுவே. 255.255.255.0 என்று இருந்தால் முதல் மூன்று பகுதிகள் தெரு, கடைசிப் பகுதி வீடு. இதையே முகவரிக்குப் பின்னால் சாய்கோடிட்டு 24 என்றும் எழுதுவர். 192.168.1.11-உம் 192.168.1.30-உம் ஒரே தெருவில் உள்ளவை, நேரே பேசிக்கொள்ளும். 192.168.0.1 என்பது வேறு தெரு.

மூன்றாவது 'கேட்வே', அஃதாவது தலைவாசல். தன் தெருவில் இல்லாத எதற்கும் செய்தி அனுப்ப வேண்டுமானால் கணிப்பொறி அதை இந்த எண்ணிடம் ஒப்படைத்துவிடும். சுவரில் உள்ள பெட்டிக்கு உட்புறமாக வழங்கும் எண்ணே பெரும்பாலும் இது.

நான்காவது டி.என்.எஸ். எண். இதற்கு ஒரு வரலாறு உண்டு. பெண் மக்களாகிய நாம் அறிந்துகொள்ளத் தக்க வரலாறு. இணையத்தின் முன்னோடியான 'ஆர்ப்பாநெட்' வலையில் கணிப்பொறிகள் சில நூறாக இருந்த காலத்தில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதைக் காட்டும் ஒரே ஒரு பட்டியல் இருந்தது. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரிலிருந்த எஸ்.ஆர்.ஐ. ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் குழு 1970-களிலும் 1980-களிலும் அதைப் பேணிவந்தது. புதிதாக ஒரு கணிப்பொறி சேர வேண்டுமானால் அக்குழுவுக்குத் தெரிவித்துப் பதிந்துகொள்ள வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது அப்பட்டியலின் புதிய பிரதியை எடுத்துக்கொள்ள வேண்டும். வலை பெருகப் பெருக இது இயலாததாயிற்று. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் என்பார், பட்டியலை ஓரிடத்தில் குவிக்காமல் பல இடங்களில் பகிர்ந்துவைக்கும் முறையை வகுத்தார். அதுவே டி.என்.எஸ். நாம் ஒரு வலைத்தளத்தின் பெயரைத் தட்டெழுதும்போது, அதற்குரிய எண் யாது என்று கணிப்பொறி விசாரிக்கும் இடத்தின் எண்ணே இந்த நான்காவது. ஃபைன்லர் அம்மையாரின் பட்டியலுக்கு எச்சமாக 'ஹோஸ்ட்ஸ்' என்னும் சிறு கோப்பு ஒன்று இன்றும் ஒவ்வொரு லினக்ஸ் பொறியிலும் இருக்கிறது.

இந்த நான்கு எண்களும் கணிப்பொறிக்கு இரு வழிகளில் வந்து சேரலாம். பெட்டியே கேட்டவர்க்கெல்லாம் வழங்குவது ஒரு வழி, டி.எச்.சி.பி. என்பர். விடுதியில் புதிதாகச் சேரும் மாணவிக்குப் பொறுப்பாளர் கட்டில் எண் சொல்லிவிடுவது போன்றது. குறித்த காலத்துக்கே அது செல்லும். பின்பு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கணிப்பொறி அதைத் தானே செய்துகொள்கிறது. மற்றது, மனிதர் கையால் எழுதிவைப்பது. கைப்பேசிகள் எல்லாம் முதல் வழியில் அமைந்தவை. அதனாற்றான் பெட்டி மாறியவுடன் புதிய எண்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவை உடனே இயங்கின. நம் ஆய்வகத்திலோ சில ஆண்டுகளுக்கு முன் பொறிகளை அமைத்தவர் 192.168.1.11 முதல் 192.168.1.30 வரை வரிசையாகக் கையால் எழுதிவைத்திருந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆசிரியையின் பொறி எந்த மாணவியின் பொறியையும் எண் சொல்லி அழைக்க வேண்டியிருந்தது; எண்கள் நாளுக்கு நாள் மாறினால் அது நடவாது. தலைவாசல் 192.168.1.1 என்று எழுதினார். அது பழைய ரவுட்டரின் எண். அந்த ரவுட்டர் இப்போது அலமாரியில் இருக்கிறது. இருபது பொறிகளும் இல்லாத வாசலைத் தட்டிக்கொண்டிருந்தன.

இதை ஊகத்தால் சொல்லவில்லை. வரிசையாகக் கேட்டே அறிந்தோம். அவ்வரிசையைப் பெற்றோரும் தம் இல்லத்தில் பின்பற்றலாம். உள்ளிருந்து வெளியே போவது அதன் முறை.

கம்பி செருகிய இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா என்பது முதற் கேள்வி. எரியவில்லையானால் மேற்கொண்டு எதையும் ஆராய வேண்டாம், கம்பியைப் பாருங்கள். கம்பியில்லா இணைப்பானால், புதிய பெட்டியின் பெயரும் கடவுச்சொல்லும் மாறியிருக்கும். பழைய பெயரையே பொறி தேடிக்கொண்டிருக்கும்.

அடுத்து 'டெர்மினல்' என்னும் கட்டளைத் திரையைத் திறக்க வேண்டும். கறுப்புத் திரையைக் கண்டு மிரள வேண்டியதில்லை. கேட்டதற்கு மட்டும் விடை சொல்லும் நாவடக்கமுள்ள திரை அது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் 'ஐ', 'பி' என்று இட்டு, ஓர் இடைவெளி விட்டு, 'ஏ' என்று இட்டு என்டர் விசையைத் தட்டுங்கள். 127.0.0.1 என்று ஓர் எண் முதலில் வரும்; அது எல்லாப் பொறியும் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் எண், அதை விட்டுவிடலாம். அடுத்து 'இனெட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதே நம் முகவரி. எங்களுக்கு 192.168.1.11 என்று வந்தது. இதன்பின், 'ஏ' என்பதற்குப் பதிலாக 'ரவுட்' என்ற ஆங்கிலச் சொல்லை முழுமையாக இட்டால் வழிகளின் பட்டியல் வரும். அதில் 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரியில் உள்ளது தலைவாசல் எண். எங்களுக்கு 192.168.1.1 வந்தது.

இப்போது அலுவலகக் கைப்பேசி ஒன்றில், கம்பியில்லா இணைப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தோம். அதன் முகவரி 192.168.0.104. தலைவாசல் 192.168.0.1. விடை கையில் வந்துவிட்டது. புதிய பெட்டி பூஜ்யம் என்னும் தெருவில் குடியேறியிருக்கிறது. நம் பொறிகள் ஒன்று என்னும் தெருவிலேயே நிற்கின்றன.

ஆயினும் வரிசையை முடித்தோம். 'பிங்' என்னும் கட்டளை ஒன்று உண்டு. அமெரிக்கரான மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பார்களே, அந்த ஒலியின் பெயரையே அவர் இதற்கு வைத்தார். 'பிங்' என்று இட்டு ஓர் எண்ணைச் சொன்னால், அவ்வெண்ணுக்கு ஒரு குரல் கொடுத்து, மறுகுரல் வர எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லும். நிறுத்துவதற்கு கன்ட்ரோல் விசையையும் 'சி' எழுத்தையும் சேர்த்து அழுத்த வேண்டும். பக்கத்துப் பொறிக்குக் குரல் கொடுத்தோம், விடை வந்தது. தலைவாசலான 192.168.1.1-க்குக் கொடுத்தோம், 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தது. சேர வேண்டிய இடம் எட்டவில்லை என்பது பொருள். லினக்ஸ் மீது சுமத்தப்பட்ட பழி இவ்விடத்தில் நீங்கியது. தனக்குச் சொல்லப்பட்ட வாசலில் யாரும் இல்லை என்று அது முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது, கேட்பார் இல்லை.

மாற்றுவது எப்படி? திரையின் ஓரத்தில் உள்ள வலை இணைப்புப் படத்தின்மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்தால் 'எடிட் கனெக்ஷன்ஸ்' என்று வரும். அதில் நம் இணைப்பைத் தேர்ந்து திறந்து, 'ஐபிவி4 செட்டிங்ஸ்' என்னும் பக்கத்துக்குச் செல்லுங்கள். 'மெத்தட்' என்ற கட்டத்தில் 'மேனுவல்' என்றிருக்கும். எதையும் தொடுமுன் அப்பக்கத்தில் உள்ள எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு 'ஆட்டோமேட்டிக் (டி.எச்.சி.பி.)' என்று மாற்றி, பழைய முகவரி வரியை நீக்கிச் சேமியுங்கள். சேமித்தது மட்டும் போதாது. இணைப்பை ஒருமுறை துண்டித்து மீண்டும் சேர்த்தால்தான் புதிய எண்கள் வந்தமரும். பலர் இவ்விடத்தில்தான் 'மாற்றியும் பயனில்லை' என்று கைவிடுகிறார்கள்.

மாற்றிய முதற் பொறிக்கு 192.168.0.105 என்ற முகவரி வந்தது. தலைவாசல் மறுகுரல் கொடுத்தது. 1.1.1.1 என்பது உலகில் எவரும் விசாரிக்கக்கூடிய பொது டி.என்.எஸ். எண்களுள் ஒன்று, 2018-இல் தொடங்கப்பட்டது. அதற்குக் குரல் கொடுத்தோம். சில மில்லி விநாடிகளில் விடை வந்தது. வெளியுலகம் திறந்துவிட்டது! ஆனால் வலைத்தளத்தின் பெயரை இட்டால், ஒருமுறை திறந்தது. மறுமுறை நெடுநேரம் சுழன்றுகொண்டே இருந்தது.

எண்ணால் அழைத்தால் செல்கிறது, பெயரால் அழைத்தால் தடுமாறுகிறது என்றால் கோளாறு நான்காவது எண்ணில் இருக்கிறது என்று துணிந்து கூறலாம். அதே பக்கத்தில் டி.என்.எஸ். கட்டத்தைப் பார்த்தோம். கையால் எழுதிய இரண்டு எண்கள் இருந்தன. இரண்டும் பழைய நிறுவனத்தின் எண்கள். ஒரு நிறுவனத்தின் பெயர் விசாரிக்கும் நிலையங்கள் பெரும்பாலும் தன் சந்தாதாரர்களுக்கு மட்டுமே விடை சொல்லும். நாம் சந்தாவை நிறுத்திவிட்டோம். இனி நமக்கு ஏன் சொல்ல வேண்டும்? 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிய பின்னும் இக்கட்டத்தில் எழுதியவை தாமே அழிவதில்லை. பெட்டி தரும் எண்ணோடு இவையும் சேர்ந்து நிற்கும். பொறி பழைய நிலையத்தைக் கேட்டுக் காத்திருந்து, விடை வராமல் அடுத்ததைக் கேட்கும். அதுவே அந்தச் சுழற்சி. அவ்விரு எண்களையும் அழித்தோம். பெயர்கள் உடனுக்குடன் திறந்தன.

இன்னொன்று. அதே வரிசையில் 'ஆட்டோமேட்டிக் (டி.எச்.சி.பி.) அட்ரஸஸ் ஒன்லி' என்றும் ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தால் பெட்டியிடமிருந்து டி.என்.எஸ். எண்ணை மட்டும் பொறி ஏற்காது. நாம் எழுதியதையே நம்பும். அப்போது 'டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்' என்ற செய்தி வரும். 'டெம்பரரி' என்ற சொல்லை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நாம் திருத்தும்வரை அது நீங்காது. சில பழைய நூல்கள் 'ரிசால்வ்.கான்ஃப்' என்னும் கோப்பைத் திறந்து அதில் எண்ணை எழுதச் சொல்லும். இக்கால லினக்ஸ் வகைகள் பலவற்றில் அக்கோப்பை முறைமையே எழுதுகிறது. நாம் எழுதுவது அடுத்த முறை பொறியைத் திறக்கும்போது இருக்காது. அங்கே 127.0.0.53 என்று கண்டாலும் தவறென்று எண்ணற்க. பொறிக்குள்ளேயே இருக்கும் ஓர் உதவியாளரின் எண் அது. அவர் வெளியே விசாரித்துச் சொல்வார்.

இருபது பொறிகளையும் மாற்றுவதற்குப் பதிலாக, புதிய பெட்டியின் உள் எண்ணை 192.168.1.1 என்று மாற்றிவிட்டால் ஒரே மாற்றத்தோடு வேலை முடியுமே என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. பெட்டி நம் சொந்தமாக இருந்து, அதன் கடவுச்சொல்லும் நம்மிடம் இருந்தால் அது சரியான வழியே. வீட்டில் ஐந்தாறு பொருள்களுக்குக் கையால் எண் எழுதிவைத்திருப்பவர்கள் அவ்வழியையே கொள்ளலாம். நம் பள்ளியிலோ பெட்டி நிறுவனத்துடையது. கடவுச்சொல்லை அவர்கள் தரவில்லை. மேலும் டி.என்.எஸ். கோளாறு அதனால் தீராது. அடுத்த நிறுவனம் வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே பொறிகளையே பெட்டியிடம் கேட்டுப் பெறும்படி அமைப்பது மேல் என்று முடிவு செய்தோம். ஆசிரியையின் பொறிக்கு மட்டும் கையால் எழுதிய நிலையான எண் வேண்டும். அதற்கு 192.168.0.10 கொடுத்தோம். பெட்டி தானாக வழங்குவது 100-க்கு மேற்பட்ட எண்கள் என்று நிறுவனத்தாரிடம் கேட்டறிந்தோம். ஆகவே 10 என்ற எண்ணை அது வேறொருவருக்குக் கொடுத்துவிடும் அச்சமில்லை. இதைக் கேளாமல் எழுதினால், என்றேனும் ஒருநாள் ஒரே முகவரியில் இருவர் குடியிருக்க நேர்ந்து, இருவருக்கும் இணைப்பு விட்டுவிட்டு வரும்.

மாணவியரின் பொறிகளுக்கு எண் மாறிக்கொண்டே இருந்தால் ஆசிரியை எப்படி அழைப்பார்? ஒவ்வொரு பொறிக்கும் ஒரு பெயர் இருக்கிறது. எண்ணுக்குப் பதில் பெயரால் அழைக்கும் வசதி லினக்ஸ் மின்ட்டில் முன்பே அமைந்துள்ளது. பெயரின் பின்னால் ஒரு புள்ளியிட்டு 'லோக்கல்' என்று சேர்த்தால் போதும். பூக்களின் பெயர்களை வைத்தோம். முல்லை திறக்கவில்லை என்றால் எந்தப் பொறி என்று எல்லோருக்கும் தெரிகிறது; பதினேழு என்றால் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

வீடுகளில் வேறு இரண்டு இடர்களும் நேரலாம். பழைய செப்புக் கம்பி இணைப்பில் சிலர் கணிப்பொறியிலேயே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு இணைப்பைத் தொடங்குவார்கள்; பி.பி.பி.ஓ.இ. என்று அதற்குப் பெயர். புதிய பெட்டி அவ்வேலையைத் தானே செய்துகொள்கிறதென்றால், அந்தப் பழைய இணைப்பைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். அவ்வகை இணைப்புக்காக, ஒரே தடவையில் அனுப்பும் பொட்டலத்தின் அளவை 1500 பைட்டிலிருந்து 1492 என்று குறைத்துவைத்திருந்தால் அதையும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிவிடலாம். குறைந்த அளவால் தீங்கில்லை. இதற்கு எதிர்மாறாக, குறைக்க வேண்டிய இணைப்பில் குறைக்காமல் விட்டால், சில தளங்கள் திறக்கும், சில தளங்கள் பாதியில் நின்றுவிடும். அப்படிக் கண்டால் இவ்வளவை நினைவுகொள்ளுங்கள். இரண்டாவது இடர் முன்னே சொன்ன ஹோஸ்ட்ஸ் கோப்பு. எப்போதோ அதில் எழுதிவைத்த பழைய எண் ஒன்று இருந்தால், டி.என்.எஸ். சரியாக இருந்தாலும் பொறி முதலில் அதையே நம்பும்.

பத்தொன்பது பொறிகளை மாற்றி முடிக்க ஒரு பிற்பகல் ஆயிற்று. இருபதாவதை வேண்டுமென்றே மாற்றாமல் விட்டுவைத்தோம். காரணம் அச்சுப்பொறி. அதற்கும் 192.168.1.50 என்று கையால் எழுதிய எண் இருந்தது. பொறிகள் புதிய தெருவுக்குப் போனதும் அதுவரை ஒழுங்காக அச்சிட்டுவந்த அது எங்களைவிட்டு மறைந்துவிட்டது. அதன் முகப்பில் எண்களை மாற்றும் திரை இல்லை. வலைவழியாக அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்துதான் மாற்ற முடியும். பழைய தெருவில் நிற்கும் ஒரு பொறியால்தான் அப்பக்கத்தைத் திறக்க இயலும். இருபதாவது பொறியில் உலாவியைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் 192.168.1.50 என்று இட்டோம். பக்கம் வந்தது. முகவரியை 192.168.0.50 என்றும் தலைவாசலை 192.168.0.1 என்றும் மாற்றிச் சேமித்தோம். சேமித்த அந்த நொடியில் பக்கம் உறைந்து நின்றது. அச்சுப்பொறி அப்போது அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அதன் பிறகே இருபதாவது பொறியையும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்கினோம். ஒவ்வொரு பொறியிலும் அச்சுப்பொறியைப் புதிய எண்ணில் மீண்டும் சேர்த்தோம். முதலில் அச்சிட்டது ஆண்டு மலர்ப் பொருளடக்கத்தின் முதற்பக்கம். அது இப்போது ஆய்வகக் கதவின் உட்புறத்தில், புதிய நான்கு எண்கள் எழுதிய தாளுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.